கீழாநெல்லியில் என்ன இருக்கிறது? பினாங்கு வாசகர்களின் கேள்விகளுக்கு மருந்தாளர் பதில்

ஜெலுத்தோங் வாசகர்: அக்கா, வேலியோரம் இரண்டு விதமாக முளைக்கிறது. ஒன்றின் தண்டு சிவப்பு. இரண்டும் மலாயில் டுக்கோங் அனாக் என்கிற கீழாநெல்லிதானா?

அந்த மலாய்ப் பெயர் இரண்டுக்கும் ஓடுகிறது, சரக்கு வேறு. தண்டு பச்சையாக, வழவழப்பான காய் சிறு காம்பில் தொங்கினால் அதுதான் நம் கீழாநெல்லி. பில்லாந்தின், ஹைப்போபில்லாந்தின் என்ற லிக்னான் வகைத் தாவரச் சேர்மங்கள் அதில் உண்டு, இலையில்தான் அதிகம். சிவப்புத் தண்டும், காம்பில்லாத சொரசொரப்பான காயும் இருந்தால் வேறு இனம். அதில் பில்லாந்தினைத் தேடிப் பயனில்லை.

ஆயர் ஈத்தாம் வாசகர்: கொதிக்க வைப்பதா, பாட்டி மாதிரி மோரில் அரைப்பதா?

பில்லாந்தின் தண்ணீரில் சரியாகக் கரையாது. கஷாயத்தை வடிகட்டினால் பெரும்பகுதி சக்கையோடு போய்விடும். தண்ணீரில் இறங்குவது ஜெரானின், கொரிலாஜின் போன்ற டானின்கள், அதாவது துவர்ப்புப் பொருள்கள். அரைத்து விழுங்கினால் இலை முழுதும் உள்ளே போகிறது. பாட்டி வேதியியல் படிக்கவில்லை, ஆனாலும் அந்த முறையில் நியாயம் இருக்கிறது. (நாம் தூக்கி எறியும் ரம்புத்தான் தோலிலும் ஜெரானின் தாராளம். அதற்காகத் தோலை அரைத்துக் குடிக்கக் கிளம்பிவிடாதீர்கள்!)

பட்டர்வொர்த் வாசகர்: அப்பாவுக்கு ஹெப்படைட்டிஸ் பி. இதைக் குடித்தால் கிருமி போய்விடுமாமே?

இந்தப் பேச்சுக்கு ஒரு வேர் உண்டு. 1988-இல் சென்னை ஆய்வாளர்கள் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள்: கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் மேலுறைப் புரதம் காணாமல் போனது, வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அப்பாவுக்கு டாக்டர் எண்டெகாவிர், டெனோஃபோவிர் போலக் கிருமியை அடக்கும் மருந்து ஏதும் கொடுத்திருந்தால் அதை ஒருநாளும் நிறுத்தாதீர்கள். திடீரென நிறுத்தினால் கல்லீரல் மோசமாகக் கெடலாம்.

அதே வாசகர்: ஆனால் என் சித்திக்கு மஞ்சள் காமாலை இதில்தானே போனது?

ஹெப்படைட்டிஸ் ஏ-வாக இருந்தால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே போய்விடும். அந்தச் சமயத்தில் எதைக் குடித்தாலும் அதற்குத்தான் பெயர். காமாலை கண்டால் முதலில் ரத்தப் பரிசோதனை, அப்புறம் மற்றது.

பாயான் லெப்பாஸ் வாசகர்: கடையில் கேப்சூல் விற்கிறார்கள், நம்பலாமா?

பெட்டியில் 'எம்ஏஎல்' (MAL) என்று தொடங்கும் மலேசிய மருந்துப் பதிவு எண்ணைப் பாருங்கள். கடைசியில் 'டி' (T) இருந்தால் பாரம்பரிய மருந்தாகப் பதிவானது. கலப்படம், கன உலோகம் பார்த்திருப்பார்கள். நோய் தீரும் என்று அரசாங்கம் சொன்னதாக ஆகாது. கர்ப்பிணிகள் வேண்டாம். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள்.