புதுப் பெட்டிக்குள் பழைய ஹரிகேன்: போலியா?

புதிதாக வாங்கிய விமான மாதிரியில் மேடான கோடுகளைப் பார்த்ததும் போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். புறக்கோட்டையில் புதுப் பெட்டியாக வாங்கிய 1/72 ஹரிகேனில் (இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டிஷ் போர்விமானத்தின், 72-இல் ஒரு பங்கு அளவுள்ள பிளாஸ்டிக் மாதிரி) அவை இருப்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: பல பத்தாண்டு பழைய அச்சில் வார்த்த பாகங்களையே புதுப் படம் போட்ட பெட்டியில் விற்பார்கள். பெட்டியில் உள்ள வருடம் அச்சின் வயதைச் சொல்லாது.

கோடுகளைத் தேய்க்கும் முன் அவை எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். நிஜ ஹரிகேனின் பின்னுடல் உலோகத் தகடு அல்ல, நீளச் சட்டங்களின் மேல் இழுத்துக் கட்டிய துணி. விமானி இருக்கைக்குப் பின்னால் வால்வரை ஓடும் மெல்லிய மேடுகள் சரியானவை, அங்கே சாண்ட்பேப்பர் போடவே வேண்டாம். மூக்குப் பக்கத் தகடுகளில் மேடு இருந்தால்தான் அது பழைய அச்சின் குறை.

அப்புறம் இவற்றையும் பாருங்கள்:

1. பசை இல்லாமல் உடலையும் இறக்கையையும் டேப்பால் ஒட்டி, இறக்கை அடியில் இடைவெளி தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். என் கணக்கில் ஒரு கிட்டின் (ஒட்டிச் சேர்க்கும் பாகங்களின் பெட்டி) தரம் இங்கேதான் தெரியும்.
2. அடிமட்டத்தால் இறக்கையை முனைக்கு முனை அளந்து பாருங்கள். நிஜத்தில் 12.19 மீட்டர், 1/72 மாதிரியில் சுமார் 169 மில்லிமீட்டர் வரவேண்டும்.

அளவு சரியாக வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். 1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானியர் கொழும்பைக் குண்டுவீசித் தாக்கியபோது, ரேஸ்கோர்ஸ், இரத்மலானை விமானத் தளங்களில் இருந்து எழும்பிய விமானம் இது, நம் ஊரில் ஒருவர் பொறுமையாகக் கட்டத் தகுந்தது.

ஒன்று மட்டும் கவனம்: கொழும்புப் புழுக்கத்தில் நாள்பட்ட டெக்கல் (தண்ணீரில் நனைத்து மாதிரியின்மேல் ஒட்டும் சின்னங்கள்) நொறுங்கும். தேவையில்லாத ஒன்றை முதலில் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்.