பறை காயும் நேரம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். கணவர் இல்லை. மகனுக்குப் பதினைந்து வயது, ஆட்டிசம். நாலைந்து சொற்கள்தான் பேசுவான். பணம் கட்ட முடியாமல் தெரபியை நிறுத்திவிட்டேன். குக்கர் விசிலுக்கே காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். ஆனால் தெருமுனையில் பறைக்குழு பழகும்போது பார்த்துப் பார்த்தே அடவுகளைப் பிடித்துவிட்டான். குழு அண்ணன் சேர்த்துக்கொள்கிறேன் என்கிறார். சொந்தக்காரர்களோ ‘சாவுக்கு அடிக்கிற பறைக்கா அனுப்புவே?’ என்று ஏசுகிறார்கள். ஆடினால் ஆட்டிசம் சரியாகுமா? அனுப்பலாமா?

ஒரு அம்மா

அன்புள்ள சகோதரிக்கு,

அனுப்புங்கள். ஆட்டிசம் சரியாகிவிடும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள், அது நோயில்லை, அவன் பிறவியே அப்படி. சொல்லில் வராததை அவன் உடம்பால் சொல்ல ஒரு இடம் கிடைத்திருக்கிறது, அதுவே பெரிது.

குக்கருக்கு அலறுகிறவன் பறைக்கு எப்படி நிற்கிறான்? விசில் எப்போது வரும் என்று அவனுக்குத் தெரியாது. பறையில் முதலில் தீ மூட்டி, தோலைக் காய்ச்சி, தட்டிப் பார்த்து, மறுபடி காய்ச்சி, அப்புறம்தான் அடி தொடங்கும், தொடங்கிவிட்டால் அடுத்த அடி எங்கே விழும் என்பது அவனுக்கு முன்பே தெரியும். ஆட்டிசம் உள்ள பலரைச் சத்தத்தைவிட, அது சொல்லாமல் வருவதுதான் வதைக்கிறது. ஆனாலும் பக்கத்தில் நின்றால் காது வலிக்கலாம், ஓரத்தில் நிற்கட்டும், காதுக்கு ஏதாவது வைத்துவிடுங்கள்.

அண்ணனிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். ஆட்டத்தின் நடுவே அவன் கையை உதறினால், அதே அடவை இருபது தடவை ஆடினால், பிடித்து நிறுத்த வேண்டாம். மேடை ஏற்றவோ, வீடியோ எடுத்துப் போடவோ அவசரப்படவும் வேண்டாம். ஒரு நாள் செருப்பை மாட்டாமல் உட்கார்ந்திருந்தால் விட்டுவிடுங்கள், வேண்டாம் என்று அப்படித்தான் சொல்ல முடியும் அவனால்.

சொந்தக்காரர்கள் பேச்சில் இருப்பது சாதி. மதுரை வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது இந்தப் பறைக்குத்தான் என்று சொல்லுங்கள், கேட்காவிட்டால் போகட்டும்.

இன்னொன்று, 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு. அடையாள அட்டை வாங்கியாயிற்றா? ‘நிராமயா’ காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், தெரபிச் செலவும் அதில் அடங்கும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

ஷிப்ட் இல்லாத சாயங்காலம் நீங்களும் போய், தீ மூட்டும்போதே அவன் பக்கத்தில் உட்காருங்கள்.