கிணறு தோண்டிய கம்பெனி வாயே திறக்கவில்லை, என்ன செய்வது?

கேள்வி: கோபிசெட்டிபாளையத்தில் மஞ்சள் வியாபாரம் செய்கிறேன். பங்குச் சந்தையில் பட்டியலான ஓர் எண்ணெய்த் துரப்பணக் கம்பெனியில் 1,500 பங்குகள் வைத்திருக்கிறேன்; முகமதிப்பு 10 ரூபாய். நான்கு வருடம் முன்பு ஒரு கிணற்றில் எண்ணெய் தென்பட்டதாக அறிவித்தார்கள். அப்புறம் பேச்சே இல்லை. மின்னஞ்சலுக்குப் பதில் வருவதில்லை. ஆண்டுக் கூட்டத்தில் கேட்டால் ‘வணிக ரகசியம்’ என்று முடித்துவிட்டார்கள். அவர்களைப் பேச வைக்க வழி உண்டுங்களா?

பதில்: உண்டு. ஆனால் நீங்கள் கேட்கும் கேள்வியை மாற்ற வேண்டும். “அடியில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது?” என்று கேட்டால் அவர்கள் நழுவ நீங்களே வழி விடுகிறீர்கள். நிலத்தடி ஆய்வுத் தரவுகள் ஒப்பந்தப்படி அரசின் சொத்து. கம்பெனி நினைத்தபடி வெளியிட முடியாது. அதில் மௌனம் நியாயம்தான். உங்கள் பணம் எங்கே போனது என்பதில் மௌனம் காக்க அவர்களுக்கு உரிமையே இல்லை.

முதலில் அந்தப் பழைய அறிவிப்பை எடுத்து ஒவ்வொரு சொல்லாகப் படியுங்கள். நம் பக்கம் போர் போடுவது தெரியாதவர் யார்? நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு காட்டில் நடப்பார். அது நிமிர்ந்ததும் “இங்க ரெண்டு இஞ்சு தண்ணி” என்பார். அது ஒரு நிலை. திருச்செங்கோட்டு வண்டி வந்து நின்று, 800 அடியில் புழுதி அடங்கித் தண்ணீர் பீய்ச்சுவது அடுத்த நிலை. கரண்ட் இணைப்பு வாங்கி, மோட்டார் இறக்கி, வாய்க்காலில் தண்ணீர் ஓடுவது மூன்றாவது. எண்ணெய்த் தொழிலிலும் இதே மூன்றுதான்: பிராஸ்பெக்டிவ் ரிசோர்ஸ், கன்டிஞ்சென்ட் ரிசோர்ஸ், ரிசர்வ். ‘ரிசர்வ்’ என்ற சொல் அறிவிப்பில் இல்லையென்றால் உங்களிடம் இருப்பது இன்னும் வாய்க்காலுக்கு வராத தண்ணீர். கிருஷ்ணா கோதாவரிப் படுகையில் குஜராத் அரசின் எண்ணெய்க் கம்பெனியான ஜி.எஸ்.பி.சி. 2005இல் 20 டிரில்லியன் கன அடி எரிவாயு என்று அறிவித்தது. எரிவாயுவை எடுப்பதற்கான கள மேம்பாட்டுத் திட்டம் வந்தபோது சுமார் 2 டிரில்லியன்தான் தேறியது.

அடுத்து ஆண்டறிக்கை. முன்பக்கத்துக் கலர் படங்களைத் தாண்டி, கணக்குக் குறிப்புகளில் ‘நடப்பில் உள்ள ஆய்வுக் கிணறுகள்’ என்ற வரியைத் தேடுங்கள். நான்கு வருட அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொகை அசையாமல் நிற்கிறதென்றால் வேலையும் நின்றிருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் அதை ஏன் நட்டமாக எழுதவில்லை என்பதுதான் உங்கள் முதல் கேள்வி. தொடர்புடையோருடன் செய்த பரிவர்த்தனைகளின் பட்டியலையும் விடாதீர்கள். ரிக் வாடகை நிறுவனர் குடும்பக் கம்பெனிக்கே போகிறதா என்பது அங்கேதான் தெரியும்.

இந்தக் கேள்விகளைக் கம்பெனிச் செயலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் அமைப்பான செபியின் 2015 பட்டியல் விதிகளில் 30ஆம் விதி, முக்கியமான நிகழ்வைச் சந்தைக்குச் சொல்வதைக் கட்டாயமாக்குகிறது. கம்பெனிக்குள்ளிருந்து எழும் தகவலுக்கு 12 மணி நேரம்தான் கெடு. கிணற்றைக் கைவிட்டது அப்படிப்பட்ட நிகழ்வா, ஆமென்றால் எந்தத் தேதியில் தெரிவித்தீர்கள் என்று நேராகக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் போடலாம். 21 நாளில் கம்பெனி பதில் சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் மறுஆய்வு கேளுங்கள். பங்கு விலை விழுந்தது என்று மட்டும் எழுதினால் புகார் நிற்காது.

இன்னொரு வழி பலருக்குத் தெரியவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். முகமதிப்பில் 20,000 ரூபாய் வரை பங்கு வைத்திருப்பவர் சட்டப்படி ‘சிறு பங்குதாரர்’. உங்களுடையது 15,000 ரூபாய். உங்களைப் போல 1,000 பேர், அல்லது மொத்தச் சிறு பங்குதாரர்களில் பத்தில் ஒரு பங்கு, இதில் எது குறைவோ அத்தனை பேர் சேர்ந்தால், கம்பெனிகள் சட்டம் 151ஆம் பிரிவின்படி தங்களுக்கென ஓர் இயக்குநரை முன்மொழியலாம். ஆள் சேர்ப்பது சிரமம்தான். ஆனால் உறுப்பினர் பதிவேட்டைப் பார்க்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

விற்பதா வேண்டாமா என்பதற்கு, நான் முதலில் பார்ப்பது, யாரிடம் எத்தனை பங்கு என்று சொல்லும் காலாண்டுப் பங்குரிமைப் பட்டியலை. நிறுவனர்கள் அடகு வைத்த பங்கு ஏறிக்கொண்டே போய், மௌனமும் தொடர்ந்தால், நானாக இருந்தால் பாதியை விற்றுவிட்டு மீதியை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பேன். ஒரு பங்கு இருந்தாலும் கூட்டத்தில் கேட்கலாம்.

மார்ச்சில் கணக்கு முடிக்கும் கம்பெனிகள் செப்டம்பர் 30க்குள் ஆண்டுக் கூட்டம் நடத்த வேண்டும். தணிக்கைக் குழுத் தலைவர் அதில் இருந்தாக வேண்டும். 21 நாள் முன்பே அறிவிப்பு வரும். அது வந்த அன்றே பேச்சாளராகப் பெயர் பதிந்து, கேள்வியை அவர் பெயருக்கே எழுதுங்கள்.