சேறும் கல்லும் கலந்திருந்தால் பனியா? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கோத்தகிரி மலைச்சாலையில் மண் சரிந்த இடத்தில் செம்மண்ணும் உருண்டைப் பாறைகளும் கலந்து கிடக்கின்றன. அண்டார்டிகா கடலடியிலும் சேறும் கல்லும் கலந்த படிவு உண்டு, அது பனிப்பாளம் கொண்டுவந்தது என்று படித்தேன். நீலகிரியிலும் பனியாறு ஓடியதா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: ஓடவில்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகம் உச்சத்தில் இருந்தபோதும் நீலகிரி குளிர்ந்தது, வறண்டது, அவ்வளவுதான். நீங்கள் பார்த்தவை, சார்னோகைட் பாறை இருந்த இடத்திலேயே வெங்காயம்போல் தோல் உரிந்து மிஞ்சிய உருண்டைகள். மழைக்கு மண் வழுக்கியபோது கூடவே இறங்கிவிட்டன.

கலவையை மட்டும் பார்த்துப் பனி என்று சொல்லிவிட முடியாது. துருவக் கடலிலும் இதே தலைவலி உண்டு. கடலடியில் தரைதட்டிய பனிப்பாளம் கண்டத்திட்டை, அதாவது கண்டத்தை ஒட்டிக் கடலுக்கடியில் நீளும் தளத்தைச் சுரண்டி, அதன் விளிம்பில் கொட்டுகிறது. அந்தக் குவியல் சரிவில் சேற்றோட்டமாக இறங்கி விசிறிபோல் பரவுகிறது; அதுவும் சேறும் கல்லும் கலந்த படிவுதான். நார்வேக்கு வடக்கே பியர் தீவு விசிறியும், அண்டார்டிகாவின் பிரிட்ஸ் விரிகுடா விசிறியும் இப்படி வளர்ந்தவை.

பிரித்தறிய, குழாய் இறக்கி எடுத்த படிவை 1.5 மீட்டர் துண்டுகளாக்கி, நெடுக்கில் பிளந்து, எக்ஸ்ரே எடுப்பார்கள். பனி அரைத்த கற்களில் தேய்ந்த தட்டை முகமும் கீறல்களும் இருக்கும். பல ஊர்ப் பாறைகள் கலந்திருக்கும். உங்கள் சரிவிலோ பெரும்பாலும் மேலே உள்ள பாறைதான். அதைவிட நல்ல சாட்சி, அடுக்கு வரிசை. அடியில் கெட்டியான கலவை, அதன்மேல் சரளை, பிறகு மிதக்கும் பனித்தட்டின் அடியில் படிந்த, உயிர்ச்சுவடு குறைந்த சேறு, உச்சியில் டயாட்டம் பாசி நிறைந்த சேறு. இந்த வரிசை கிடைத்தால் பனி பின்வாங்கியது உறுதி.

சிக்கல்களும் உண்டு. எடையால் இறங்கும் குழாய் கெட்டிப் படிவில் முட்டி நின்றுவிடும். துளையிட்டால் கல் உருளும், சேறு கழுவிப் போகும், கைக்கு வருவது கொஞ்சம். கரிமத்தை வைத்து வயது கணிப்பதோ இன்னும் மோசம்: பனி சுரண்டிய பழைய கரிமம் கலப்பதால், மேற்பரப்புச் சேறே ஆயிரக்கணக்கான ஆண்டு வயது காட்டும். அதனால் சிப்பி, ஃபோராமினிஃபெரா என்ற நுண்ணிய கடலுயிரி ஆகியவற்றின் ஓடுகளைத் தேடிப் பொறுக்குவார்கள். அவற்றிலும் அண்டார்டிகாவில் 1,200 ஆண்டுகள்போலக் கழிக்க வேண்டும்.

கேள்வி: மற்ற இடங்களில் கண்டத்திட்டின் விளிம்பு 130 மீட்டர் ஆழம், அண்டார்டிகாவில் மட்டும் ஏன் 500?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: பனியின் எடை நிலத்தை அமுக்கியது, மீண்டும் மீண்டும் வந்த பனி சுரண்டியது. கரைப்பக்கம் சுரண்டல் அதிகம் என்பதால் அங்கே திட்டு கண்டத்தை நோக்கியே சாய்கிறது.