இடது கண் அல்ல, இடப்பக்கம்

கேள்வி: அப்பாவுக்கு வயது 64. ஐந்து வாரத்துக்கு முன் லேசான பக்கவாதம் வந்து, கை கால் தேறிவிட்டது. ஆனால் நடக்கும்போது இடது தோள் கதவு நிலையில் இடிக்கிறது. இடப்பக்கம் வைத்த டம்ளரைத் தட்டிவிடுகிறார். 'இடது கண் போய்விட்டது' என்கிறார். புதுக் கண்ணாடி வாங்கியும் பயனில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'லெஃப்ட் ஹோமோனிமஸ் ஹெமியனோப்பியா' என்று இருக்கிறது. அது என்ன? சரியாகுமா?

பதில்: முதலில் வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். அப்பாவை எதிரில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உங்கள் மூக்கையே பார்க்கச் சொல்லுங்கள். அவருக்கு இடப்பக்கமாக விரலை ஆட்டுங்கள். பிறகு மற்றக் கண்ணை மூடச் சொல்லி அதையே செய்யுங்கள். வலது கண்ணால் பார்க்கும்போதும் இடப்பக்க விரல் அவருக்குத் தெரியாது. ஆக, போனது இடது கண் அல்ல. இரண்டு கண்ணிலும் இடது பாதி. அந்த நீண்ட பெயருக்கும் இதுதான் பொருள்: இரு கண்ணிலும் ஒரே பக்கத்துப் பாதிப் பார்வை இழப்பு.

கண்ணிலிருந்து வரும் நரம்பு இழைகளில் மூக்குப் பக்கத்தவை மட்டும் மூளைக்கு அடியில் பக்கம் மாறுகின்றன. நெற்றிப்பொட்டுப் பக்கத்தவை மாறுவதில்லை. அதனால் நமக்கு இடப்பக்கம் உள்ளதெல்லாம், எந்தக் கண்ணால் பார்த்தாலும், வலது மூளையின் பின்பகுதிக்குத்தான் போய்ச் சேர்கிறது. அப்பாவுக்கு அடிபட்டது அந்த வழியில் எங்கோ. இங்கிலாந்து விஞ்ஞானி வில்லியம் வொல்லஸ்டன் இதைத் தன் அனுபவத்திலிருந்தே ஊகித்தார். ஒரு கதவின் மேல் இருந்த 'ஜான்சன்' என்ற பெயரில் கடைசி 'சன்' மட்டும் அவருக்குத் தெரிந்தது. எந்தக் கண்ணை மூடினாலும் அப்படியே. 1824-இல் அதைக் கட்டுரையாக எழுதினார்.

கண்ணாடி ஏன் உதவவில்லை என்பது இப்போது புரியும். கண் நன்றாகவே இருக்கிறது. எழுத்துப் பலகையில் கடைசி வரிவரைகூட அவர் படித்துவிடலாம். அவருக்குத் தேவை பெரிமெட்ரி என்கிற பார்வைப் பரப்புச் சோதனை. இப்போது ஒன்று, மூன்று மாதம் ஆனதும் ஒன்று எடுங்கள். தானாகத் திரும்பும் பார்வை பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள் திரும்பும்; ஆறு மாதத்துக்குப் பின் அரிது. ஐந்து வாரம்தான் ஆகிறது என்பதால் இன்னும் இடம் இருக்கிறது. முழுதும் திரும்பும் என்று மட்டும் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். சொட்டு மருந்துக்கோ, இழந்த பார்வையை மீட்பதாகச் சொல்லும் விலை உயர்ந்த கணினிப் பயிற்சிக்கோ பணத்தைக் கொட்டாதீர்கள்.

பலன் தருவது பழக்கம். தெரியாத பக்கத்துக்குக் கண்ணைப் பெரிதாக வீசி, அங்கிருந்து வலப்பக்கம் துழாவிவர வேண்டும். தினமும் மேசையில் பத்துப் பொருளைப் பரப்பி எண்ணச் சொல்லுங்கள். செய்தித்தாள் படிக்கும்போது வரியின் தொடக்கம் தொலைந்துபோகும். பத்தியின் இடது ஓரத்தில் ஒரு சிவப்புப் பட்டையை வையுங்கள், அது தெரியும்வரை கண்ணை இழுத்துப் போகட்டும். வெளியே போகும்போது நீங்கள் அவருக்கு இடப்பக்கம் நடங்கள். சாலையின் நடுவைத் தாண்டியதும் நம் ஊரில் வண்டிகள் இடமிருந்துதான் வரும், அவருக்குத் தெரியாத பக்கத்திலிருந்து. அந்த இடத்தில் தலையை முழுதாகத் திருப்பிப் பார்க்காமல் கால் எடுத்து வைக்கக்கூடாது. ஸ்கூட்டர் சாவியை இப்போதைக்கு வாங்கி வைத்துவிடுங்கள். அவர் கோபித்துக்கொள்வார், தெரியும். ஆனாலும் வாங்குங்கள். கண்ணாடியில் ஒட்டும் பிரிசம், அதாவது காட்சியைப் பக்கவாட்டில் நகர்த்திக் காட்டும் தகடு, சிலருக்கு உதவுகிறது. சோதித்துப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தட்டின் இடது பாதிச் சோற்றை விட்டுவிட்டு, அங்கே சோறு இருப்பதே தோன்றாமல் எழுந்துவிடுகிறாரா? முகத்தின் ஒரு பக்கம் மட்டும் சவரம் செய்கிறாரா? அப்படியானால் அது வேறு. மூளை அந்தப் பக்கத்தைக் கவனத்திலிருந்தே விட்டுவிட்டது. அதற்குப் பயிற்சியும் வேறு, மருத்துவரிடம் தனியாகச் சொல்ல வேண்டும். 'போய்விட்டது' என்று அப்பாவே உணர்ந்து சொல்வது எனக்கு நம்பிக்கை தருகிறது. உணர்ந்தவர்தான் தலையைத் திருப்பக் கற்றுக்கொள்வார்.

தெரியாத பக்கத்தில் முகங்களோ கோலம் போன்ற வடிவங்களோ தோன்றுவதாகச் சொன்னால் பயந்துவிடாதீர்கள். சேதிவராத மூளைப்பகுதி தானே வரைந்துகொள்வது அது. புத்தி பேதலிப்பு அல்ல. அடுத்த முறை மருத்துவரிடம் சொன்னால் போதும். ஆனால் பார்வை திடீரென இன்னும் குறைந்தாலோ, பேச்சு குழறினாலோ, கை தளர்ந்தாலோ, உடனே 108. ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும்.