ரத்தசோகைக்குப் போடும் அயர்ன் சுக்ரோஸ் ஊசியில் இருப்பது நிஜச் சர்க்கரையா? இரும்போடு அது எப்படி ஒட்டுகிறது?

நிஜச் சர்க்கரைதான். காபியில் போடும் அதே சுக்ரோஸ். மருந்துக் கடைக்காரன் என்பதால், கர்ப்பிணிகளின் வீட்டார் இதை என்னிடம் அடிக்கடி கேட்பார்கள்.

கல்லூரி லேபில் பெரிக் குளோரைடு கரைசலில் காஸ்டிக் சோடா விட்டிருப்பீர்கள். துருநிறத்தில் கொழகொழவென்று வீழ்படிவு இறங்கும். முன்கூட்டியே நிறையச் சர்க்கரையைக் கரைத்துவிட்டு அதையே செய்தால் வீழ்படிவு வராது. அடர்பழுப்பாக, கலங்காமல் நிற்கும். மருந்தின் சூட்சுமம் இதுதான்.

ஒரு இரும்பு அணுவை ஒரு சர்க்கரை மூலக்கூறு பிடித்துக்கொள்கிறது என்று நினைக்க வேண்டாம். இரும்பு அயனிகள் ஆக்சிஜன், ஹைட்ராக்சைடு வழியாகக் கோத்துக்கொண்டு சில நானோமீட்டர் அளவில் துருமணிகளாகின்றன. அந்த மணியின் மேற்பரப்பில் இருக்கும் இரும்போடு சர்க்கரையின் ஹைட்ராக்சில் தொகுதிகள் பிணைந்து, லட்டுக்கு மேல் ஒட்டிய சர்க்கரைத்தூள் மாதிரி போர்த்தியிருக்கும். மணிகள் ஒன்றோடொன்று சேர்ந்து அடியில் தங்காது. நம் உடம்பும் பெரிட்டின் என்ற புரதக் கூட்டுக்குள் இரும்பை இப்படித்தான் சேமிக்கிறது!

பிடி எவ்வளவு இறுக்கம் என்பதைப் பொறுத்துத்தான் மருந்தின் குணம். சுக்ரோஸின் பிடி கொஞ்சம் தளர்வு. வேகமாக ஏற்றினால் கழன்ற இரும்பை ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதமான டிரான்ஸ்ஃபெரினால் சமாளிக்க முடியாது. குமட்டும், பிரஷர் இறங்கும். அதனால்தான் 100 மி.கி. இரும்புள்ள 5 மி.லி. ஆம்பியூலை 100 மி.லி. சலைனில் கலந்து நிதானமாக ஏற்றுகிறார்கள். இன்னொரு இரும்பு ஊசியில் சுக்ரோஸுக்குப் பதில் இருக்கும் கார்பாக்சிமால்டோஸ் நீளமான சங்கிலி, விடாது. 1000 மி.கி. கூட 15 நிமிடத்தில் ஏற்றலாம். கல்லீரல், மண்ணீரலில் உள்ள மேக்ரோபேஜ் செல்கள் விழுங்கிப் பிரித்தால்தான் இரும்பு வெளியே வரும். (சிலருக்கு ரத்தத்தில் பாஸ்பேட் குறைவது இதன் பக்கவிளைவு.) பழைய இரும்பு ஊசியில் இருந்த டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைச் சங்கிலியும் இறுக்கமாகத்தான் பிடிக்கும். ஆனால் அந்த டெக்ஸ்ட்ரானே சிலருக்குக் கடும் ஒவ்வாமையைக் கிளப்பியதால் அந்த ஊசிக்கு மவுசு போய்விட்டது.

சுகர் இருப்பவர்கள் பயப்பட வேண்டாம். ஓர் ஆம்பியூலில் சுக்ரோஸ் சுமார் ஒன்றரை கிராம். நரம்பில் ஏற்றும் சுக்ரோஸை உடைக்கும் நொதி ரத்தத்தில் இல்லை. பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும்.

வாய்வழி மருந்தில் கதை தலைகீழ். இரும்பைச் சர்க்கரைச் சங்கிலி பிடித்திருக்கும் பாலிமால்டோஸ் சிரப் வயிற்றைப் புரட்டாது, வாயில் இரும்பு வாடையும் குறைவு. ஆனால் விடாப்பிடியாகப் பிடித்திருப்பது குடல் உறிஞ்சுவதற்குச் சாதகமில்லை. 2017இல் அமெரிக்காவில் ரத்தசோகை உள்ள சிறு குழந்தைகளுக்கு, சர்க்கரைப் பிடி இல்லாத பழைய இரும்பு மருந்தான பெரஸ் சல்ஃபேட்டையும், இதே வகையைச் சேர்ந்த பாலிசாக்கரைடு இரும்பையும் 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். பெரஸ் சல்ஃபேட்டில் ஹீமோகுளோபின் 7.9இலிருந்து 11.9, மற்றதில் 7.7இலிருந்து 11.1. வயிறு தாங்குமென்றால், விலை குறைந்த பழைய மாத்திரையே போதுமா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுப்பாருங்கள்.