சீதன வீடும் ஸ்டாம்ப் டியூட்டியும்: லண்டனில் வீடு வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: நானும் கணவரும் மனோர் பார்க்கில் 480,000 பவுண்டுக்கு ஒரு டெரஸ் வீடு பார்த்திருக்கிறோம். இதுவரை வாடகை வீட்டில்தான் இருந்தோம். கல்யாணத்தின்போது யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருக்கும் வீட்டை அம்மா எனக்குச் சீதனமாக எழுதித் தந்தார். இப்போது அதில் தம்பி குடும்பம் இருக்கிறது. ஒரு சதம் வாடகை வாங்குவதில்லை. "ஊர் வீட்டை ஏன் இங்கே சொல்லுறீங்கள், பேசாமல் முதல் வீடு எண்டு போடுங்கோ" என்கிறார் ஒரு நண்பர். சொல்லத்தான் வேண்டுமா?

பதில்: சொல்லத்தான் வேண்டும். உங்கள் நண்பரின் ஆலோசனை உங்களைப் பெரிய பள்ளத்தில் தள்ளிவிடும்.

முதலில் ஸ்டாம்ப் டியூட்டி, அதாவது வீடு வாங்கும்போது அரசுக்குக் கட்டும் வரி, எவ்வளவு என்று பார்ப்போம். நீங்கள் இருவரும் உலகில் எங்குமே வீடு வைத்திராதவர்கள் என்றால், 2025 ஏப்ரல் முதல் உள்ள விகிதப்படி முதல் 300,000 பவுண்டுக்கு வரி இல்லை. மிச்சம் 180,000க்கு 5 சதவீதம். ஆக 9,000 பவுண்ட். கொக்குவில் வீடு கணக்கில் வந்தால் சாதாரண விகிதத்தில் 14,000. அதற்கு மேல் இரண்டாவது வீட்டுக்கான கூடுதல் வரி முழு விலைக்கும் 5 சதவீதம், அதாவது 24,000. மொத்தம் 38,000 பவுண்ட். வித்தியாசம் 29,000. சமையலறையையும் குளியலறையையும் புதிதாகப் போட்டுவிடக்கூடிய காசு.

இங்கே இரண்டு சட்ட விதிகள் இருக்கின்றன. நம்மவர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒன்று, முதல் வீட்டுச் சலுகை. வாங்குபவர்களில் ஒருவர்கூட எந்த நாட்டிலும், எந்தக் காலத்திலும் வீட்டுக்குச் சொந்தக்காரராக இருந்திருக்கக் கூடாது. விற்றுவிட்டாலும் இருந்தது இருந்ததுதான். வீட்டின் பெறுமதி எவ்வளவு சின்னது என்பதும் பொருட்டில்லை. முதுசமாக வந்த வீடும் சேரும். வீடில்லாத வெறும் காணி சேராது.

மற்றது, கூடுதல் 5 சதவீதம். லண்டன் வீடு கைக்கு வரும் அன்று உங்களுக்கு வேறு எங்காவது வீடு இருந்து, அதில் உங்கள் பங்கு 40,000 பவுண்ட் அல்லது அதற்கு மேல் பெறுமதி என்றால் இது விழும். பவுண்டுக்கு 400 ரூபா என்று வைத்தால் 1 கோடி 60 லட்சம் ரூபா. யாழ்ப்பாணக் காணி விலை இன்று போகிற போக்கில், கொக்குவிலில் ஒரு நல்ல வீடு இந்தக் கோட்டைத் தாண்டுவது பெரிய விஷயமில்லை. தம்பி குடியிருப்பதும் வாடகை வராததும் கணக்கில்லை. உறுதி யார் பெயரில் என்பதே கேள்வி.

"அப்படியானால் கணவர் பெயரில் மட்டும் வாங்குகிறோம்" என்று அடுத்த யோசனை வரும். சேர்ந்து வாழும் கணவன் மனைவி என்றால் கூடுதல் வரிக்கு இருவரும் ஒருவர்தான். பெயரை எடுத்தாலும் உங்கள் சீதன வீடு அவரோடு ஒட்டிக்கொண்டே வரும். ஆனால் ஊர் வீடு 40,000 பவுண்டுக்குக் கீழே என்றால் கதை வேறு: கூடுதல் வரி விழாது, இதுவரை எங்குமே வீடு இல்லாத கணவர் தனியாக வாங்கினால் முதல் வீட்டுச் சலுகையும் கிடைக்கும். ஆகவே முதல் வேலை, ஊரில் ஒரு மதிப்பீட்டாளரைப் பிடித்துத் திகதி போட்ட மதிப்பீட்டு அறிக்கை எடுப்பது. "எங்கட வீடு பழசு, என்ன பெறும்" என்ற வாய்ப்பேச்சு செல்லாது.

தம்பி பெயருக்கு எழுதிவிடலாமா? லண்டன் வீடு கைமாறுவதற்கு முன்பே, உண்மையாகவே எழுதிக்கொடுத்துவிட்டால் அந்த 24,000 மிச்சம். தேசவழமைப்படி, அதாவது யாழ்ப்பாணத் தமிழருக்கான வழமைச் சட்டப்படி, நீங்கள் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவரின் எழுத்து மூலமான சம்மதமும் வேண்டும். ஊருக்குப் போக முடியாவிட்டால், உங்களுக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்க இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் அற்றோனித் தத்துவம் அனுப்ப வேண்டும். இதற்கெல்லாம் வாரக்கணக்கில் நேரம் எடுக்கும். ஆனால் "இப்ப உன்ர பேருக்கு எழுதுறன், பிறகு திருப்பித் தா" என்ற ஏற்பாட்டை மட்டும் செய்யாதீர்கள். இங்கே அது வரி ஏய்ப்பு. அங்கே அது இன்னும் பத்து வருடத்தில் அக்காவும் தம்பியும் பேசாமல் இருப்பதற்கான காரணம். எப்படியும் அவனுக்குக் கொடுக்கத்தான் இருந்தேன் என்றால் எழுதுங்கள். வரிக்காக மட்டும் எழுதாதீர்கள்.

வாங்கிய பிறகு ஊர் வீட்டை விற்றால் கூடுதல் வரி திரும்பி வரும் என்றும் யாராவது சொல்வார்கள். அந்த மூன்று வருடச் சலுகை, லண்டன் வீட்டை வாங்குவதற்கு முந்தைய மூன்று வருடத்துக்குள் நீங்கள் குடியிருந்த வீட்டை விற்பவர்களுக்கு. நீங்களோ அந்தக் காலம் முழுவதும் இங்கே வாடகையில் இருந்தவர்கள்.

மறைத்தால் என்ன ஆகும்? தெரிந்தே பொய் சொன்ன கணக்கை எச்.எம்.ஆர்.சி என்ற வரித் திணைக்களம் 20 வருடம் வரை திறக்கலாம். வரியோடு வட்டி, அதோடு அபராதம். உறுதியை சொலிசிட்டரிடம் காட்டுங்கள். அம்மா தனக்குச் சீவிய உரித்து (உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமை) வைத்து எழுதியிருந்தால் அந்த வாசகத்தையும் மொழிபெயர்த்துக் காட்டுங்கள்.

ஒரு கொசுறு: லைஃப்டைம் ஐசா என்ற சேமிப்புக் கணக்கில் காசு சேர்த்திருந்தால் இந்த வீட்டுக்கு அதைத் தொட வேண்டாம். அதற்கு வீட்டு விலை வரம்பு 450,000 பவுண்ட். தாண்டினால் எடுக்கும் தொகையில் 25 சதவீதம் போய்விடும்.

கேள்வி: டிப்பொசிட்டுக்கு 30,000 பவுண்ட் சீட்டுக்காசு. சொலிசிட்டர் "இது எங்கிருந்து வந்தது" என்று மூன்றாம் முறை கேட்கிறார். நம்பவில்லையா?

பதில்: நம்புவதும் நம்பாததும் அவர் கையில் இல்லை. கறுப்புப் பணத் தடுப்பு விதிப்படி காசின் ஊற்றைக் கேட்டே ஆக வேண்டும். சீட்டு என்றால் என்ன என்று ஒரு பக்கத்தில் விளக்கி எழுதுங்கள்: எத்தனை பேர், மாதம் எவ்வளவு கட்டினீர்கள், எப்போது எடுத்தீர்கள், இன்னும் எத்தனை மாதம் கட்ட வேண்டும். கட்டிய காசு உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து போன பதிவைச் சேர்த்துக் கொடுங்கள். முன்னதாகவே சீட்டை எடுத்துவிட்டு இன்னும் கட்டிக்கொண்டிருந்தால் அது கடன் மாதிரி. மோர்ட்கேஜ் தருபவரிடமும் அதைச் சொல்ல வேண்டும். கையில் காசாகக் கட்டிக் காசாக வாங்கிய சீட்டு என்றால் உங்களுக்குக் கஷ்டகாலம்தான். அடுத்த சீட்டையாவது வங்கி வழியாகக் கட்டுங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டு அண்ணை லொஃப்ட் கட்டப் போகிறார். "ஒண்டுமில்லை தம்பி, ஒரு கையெழுத்துத்தான்" என்று ஒரு கடிதம் தந்தார். போடலாமா? போடாவிட்டால் கோவிலில் முகம் பார்க்க முடியாது.

பதில்: அந்தக் கடிதம் தந்ததற்காகவே அண்ணையைப் பாராட்ட வேண்டும். பலர் அதுகூடத் தராமல் ஒரு காலை ஏழு மணிக்கு சுவரைத் துளைக்கத் தொடங்குகிறார்கள். 1996ஆம் ஆண்டின் பார்ட்டி வோல் சட்டப்படி, உங்கள் இருவருக்கும் பொதுவான சுவரில் இரும்பு பீம் ஏற்றுவதற்கு இரண்டு மாதத்துக்கு முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். பின்பக்கம் உங்கள் கட்டடத்துக்கு மூன்று மீட்டருக்குள், உங்கள் அத்திவாரத்தை விட ஆழமாகத் தோண்டுவதற்கு ஒரு மாதம்.

உங்களுக்குப் பதில் சொல்ல 14 நாள் இருக்கிறது. சம்மதிக்கலாம். சம்மதிக்காவிட்டாலோ, பேசாமல் இருந்துவிட்டாலோ சட்டம் அதைத் தகராறு என்று எடுத்துக்கொள்ளும். சர்வேயர் வருவார், இருவருக்கும் பொதுவாக ஒருவரே போதும். செலவை வழக்கமாகக் கட்டுபவர்தான் ஏற்க வேண்டும். தகராறு என்ற சொல்லுக்குப் பயப்படாதீர்கள், அது சண்டை இல்லை.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் சம்மதித்திருப்பேன், ஆனால் ஒரு நிபந்தனையோடு: வேலை தொடங்குமுன் என் பக்கத்து அறைகள், கூரை முகடு, புகைபோக்கி எல்லாவற்றின் நிலையையும் படம் பிடித்து எழுதி இருவரும் கையெழுத்து வைக்க வேண்டும். பிறகு சுவரில் வெடிப்பு வந்தால் "அது முந்தியே இருந்தது" என்ற பேச்சு எழாது. தேநீர் குடித்துக்கொண்டே இதைக் கேட்கலாம், முகம் முறியாது. அந்தக் காகிதங்களை வைத்திருங்கள். நாளை உங்கள் வீட்டை விற்கும்போது நிரப்பும் தகவல் படிவத்தில் அயலவரோடு இருந்த தகராறுகளையும் வந்த அறிவித்தல்களையும் கேட்பார்கள். இன்னொன்று, கவுன்சிலின் திட்ட அனுமதி வேறு, இந்தச் சட்டம் வேறு. சுவர் விஷயத்தில் கவுன்சில் தலையிடாது.

கேள்வி: ஹரோவில் ஒரு ஃபிளாட், அக்கம்பக்கத்தை விட 40,000 பவுண்ட் மலிவு. லீஸ் 78 வருடம் இருக்கிறது. நான் அவ்வளவு காலம் இருக்கப்போவதில்லையே?

பதில்: நீங்கள் இருக்க மாட்டீர்கள். ஆனால் பத்து வருடம் கழித்து விற்கும்போது லீஸில் 68 வருடம்தான் மிச்சமிருக்கும். அதைப் பற்றி உங்களிடமிருந்து வாங்கப்போகிறவர் கேட்பார், அவருடைய வங்கியும் கேட்கும். 80 வருடத்துக்குக் கீழே போனால், நீட்டிப்பதற்கான விலையில் மேரேஜ் வேல்யூ என்ற தொகையும், அதாவது நீட்டிப்பால் கூடும் பெறுமதியில் நிலச் சொந்தக்காரருக்கான பங்கும், சேர்கிறது. அதை நீக்கும் பிரிவு 2024ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. அது நடைமுறைக்கு வந்துவிட்டதா என்று சொலிசிட்டரிடம் கேட்டுவிட்டே விலை பேசுங்கள். முன்பு வாங்கி இரண்டு வருடம் காத்திருந்தால்தான் லீஸை நீட்டிக்கக் கேட்க முடியும். 2025 ஜனவரி 31 முதல் அந்தக் காத்திருப்பு இல்லை. நீட்டிக்க என்ன செலவாகும் என்று ஒரு சர்வேயரிடம் எழுத்தில் வாங்கி, அதை அந்த 40,000க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மலிவா இல்லையா என்பது அப்போது தெரியும். சேவைக் கட்டணத்தின் மூன்று வருடக் கணக்கையும் கேளுங்கள். கூரை, லிஃப்ட் என்று பெரிய வேலை எதுவும் வரவிருக்கிறதா என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: ஈஸ்ட் ஹாமில் 26 வருடமாக இருக்கிறோம். பக்கத்து வீட்டை யாரோ வாங்கி அறை அறையாக வாடகைக்கு விட்டிருக்கிறார். எட்டுப் பேராவது இருக்கிறார்கள். வாசலில் பழைய மெத்தை, குப்பைத் தொட்டி வழிகிறது. தெரிந்த முகங்கள் எல்லாம் இல்ஃபர்ட் பக்கம் போய்விட்டார்கள். ஏரியா கெட்டுவிட்டது. விற்றுவிட்டு 550,000க்கு வேறு இடம் பார்க்கலாமா?

பதில்: கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்றால் ஒன்று சொல்கிறேன். 1983க்குப் பிறகு நம்மவர்கள் இந்தத் தெருக்களுக்கு வந்தபோது, ஒரு அறையில் நாலு பேராகப் படுத்து, ஒருவர் இரவு வேலைக்குப் போக மற்றவர் அதே கட்டிலில் உறங்கியிருக்கிறோம். ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் நம் கடைகள் வந்தபோதும் யாரோ ஒரு கிழவி "ஏரியா கெட்டுவிட்டது" என்று சொல்லியிருப்பார். 2016இல் அப்டன் பார்க்கிலிருந்து உதைபந்தாட்ட மைதானம் போய் அங்கே அடுக்குமாடிகள் வந்தன. 2022இல் மனோர் பார்க்குக்கும் ஃபொரெஸ்ட் கேட்டுக்கும் எலிசபெத் லைன் வந்தது. மாறாத இடம் என்று இந்தப் பக்கத்தில் எதுவும் இல்லை.

ஆனால் மெத்தை மெத்தைதான். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களாக ஐந்து பேரோ அதற்கு மேலோ சமையலறையையும் குளியலறையையும் பகிர்ந்து வாழும் வீட்டுக்கு இங்கிலாந்து முழுவதும் எச்.எம்.ஓ (பல குடும்பங்கள் பகிரும் வாடகை வீடு) உரிமம் கட்டாயம். அதிலும் உங்கள் ஈஸ்ட் ஹாம் அடங்கும் நியூஹாம், 2013 ஜனவரியில் இங்கிலாந்திலேயே முதன்முறையாக முழு பரோவிலும் தனியார் வாடகை வீடுகளுக்கு உரிமம் கொண்டுவந்த இடம். உரிமம் பெற்ற வீடுகளின் பதிவேட்டை எவரும் பார்க்கலாம். பக்கத்து வீட்டு முகவரி அதில் இல்லை என்றால் கவுன்சிலுக்கு எழுத அதுவே போதும். இருந்தால் எத்தனை பேருக்கு அனுமதி என்று பாருங்கள். ஆறு பேருக்கு மேல் என்றால் தனியாகத் திட்ட அனுமதியும் வேண்டியிருக்கும்.

முறைப்பாட்டை வீட்டு உரிமையாளர் மேல் கொடுங்கள், அங்கே இருக்கும் பிள்ளைகள் மேல் அல்ல. அவர்களில் பாதிப் பேருக்கு எந்தக் கிழமை எந்தத் தொட்டி எடுப்பார்கள் என்றே தெரியாது. கதவைத் தட்டி ஒருமுறை சொல்லிப் பாருங்கள். இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதிக் குப்பைப் பிரச்சினை அப்படித்தான் தீர்ந்திருக்கிறது. திகதியோடு படங்களும் எடுத்து வையுங்கள்.

விற்பது உங்கள் விருப்பம். 550,000க்கு வாங்கினால் ஸ்டாம்ப் டியூட்டி மட்டும் 17,500 பவுண்ட். ஏஜென்ட், சொலிசிட்டர், லொறிக்காரர் எல்லாம் அதற்கு மேல். கோவிலும் மீன்கடையும் நடந்து போகும் தூரத்தில் இருந்ததற்கு இந்தக் கணக்கில் இடமில்லை. பிள்ளைகளின் பாடசாலைக்காகவோ அறை போதவில்லை என்றோ என்றால் போங்கள். மெத்தைக்காக என்றால் முதலில் கவுன்சிலுக்கு எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுக்கு கவுன்சில் டாக்ஸ் பாண்ட் டி. எதிர் வீட்டுக்கு சி. குறைக்கச் சொல்லலாமா?

பதில்: இங்கிலாந்தில் பாண்ட், அதாவது கவுன்சில் வரி எவ்வளவு என்று தீர்மானிக்கும் படிநிலை, வீட்டின் 1991 ஏப்ரல் 1 பெறுமதியை வைத்துத்தான். இன்றைய விலையைக் காட்டி வாதிடாதீர்கள். உங்கள் வீட்டைப் போலவே அளவும் வயதும் உள்ள நாலைந்து வீடுகள் சி என்றால் கேட்கலாம். வீட்டுக்கு வந்து ஆறு மாதத்துக்குள் என்றால் முறைப்படி எதிர்ப்புக் கொடுக்க இன்னும் வசதி. ஆனால் மறுபரிசீலனையில் பாண்ட் ஏறவும் கூடும். எதிர் வீட்டுக்காரரின் பாண்ட் டி ஆகிவிட்டால், அதற்குக் காரணம் நீங்கள் என்று அவருக்குச் சொல்லாதீர்கள்.